கோடாலிக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

வாளி மூடியைத் திறக்கப் போகிறேன். கிட்டே வாருங்கள். மூக்கை மட்டும் பொத்திக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது வினாகிரி. நேற்று மாலை இதற்குள் போட்டபோது இந்தக் கோடாலித் தலை வெறும் பழுப்புக் கட்டி. கன்னம் எது, முதுகு எது என்று தெரியாதபடி துரு அடுக்கடுக்காக ஏறிக் கிடந்தது. இப்போது கையுறை போட்டு வெளியே எடுக்கிறேன். பித்தளைக் கம்பித் தூரிகையால் நாலு இழுப்பு. கறுப்புச் சேறு வழிகிறது. தண்ணீர் ஊற்றுகிறேன். டோர்ச் லைட்டை நேராகப் பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்படித்தான் பள்ளத்தில் நிழல் விழும். அதோ! ஈ... எல்... டபிள்யூ... மறுபடி ஒரு ஈ... இரண்டு எல். எல்வெல்!

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வெட்னஸ்பரி என்று ஓர் ஊர். அங்கே 1817இல் எட்வர்ட் எல்வெல் தொடங்கிய தொழிலகத்தின் முத்திரை இது. கோடாலியும் மண்வெட்டியும் அடித்துக் கப்பல் கப்பலாக உலகமெங்கும் அனுப்பிய இடம். அங்கே சிவக்கச் சிவக்க அடிபட்ட இரும்பு இப்போது இலங்கை மலைநாட்டு நாவலப்பிட்டியில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் என் உள்ளங்கையில் கனக்கிறது. எத்தனை தலைகளைக் கழுவினாலும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

இவ்வளவு பழைய கோடாலிகள் இந்தச் சிறு ஊரில் ஏன் கிடைக்கின்றன என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில் ஸ்டேஷனில் இருக்கிறது. பேராதனையிலிருந்து கம்பளை வழியாக மேலே ஏறிய ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து நின்றது. நின்றது என்றால் பத்து வருடம் நின்றது. ஹட்டனுக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1884இல்தான். அந்தப் பத்து வருடமும் நாவலப்பிட்டிதான் கடைசி ஸ்டேஷன். டிக்கோயா, டிம்புள்ள, மஸ்கெலியா மலைகளில் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்த காலமும் அதுதான். மேலே போகவேண்டிய அரிசி மூட்டை, கோப்பி அரைக்கும் இயந்திரம், அலவாங்கு, மம்பட்டி, கோடாலி எல்லாம் இங்கே இறங்கி, இங்கிருந்து மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் ஏறின. அப்படி ஏறிப்போன இரும்புதான் மழுங்கி, முறிந்து, பிடி கழன்று, நூறு நூற்றைம்பது வருடம் கழித்துப் பழைய இரும்புச் சாக்குகளில் மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோடாலிகள் செய்த வேலையை நினைத்தால் மயிர் கூச்செறியும். அக்காலத் தோட்டத் துரைமார் எழுதிவைத்த குறிப்புகளில் அந்த முறை விவரமாக இருக்கிறது. செங்குத்தான மலைச்சரிவில் காட்டை வெட்டும்போது ஒவ்வொரு மரத்தையும் முழுசாக வெட்டி வீழ்த்தமாட்டார்கள். அடிவாரத்திலிருந்து தொடங்கி, மரத்துக்கு மரம் பாதி மட்டும் வெட்டி நிறுத்திக்கொண்டே மேலே ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் அங்குள்ள பெரிய மரங்களை மட்டும் முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசை மேல் விழும், கீழ்வரிசை அதற்கும் கீழ்வரிசை மேல் விழும். சில நிமிடங்களில் ஒரு மலைமுகம் முழுக்க இடி முழக்கத்தோடு சரிந்துபோகும். மரம் வீழ்த்துவதைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்துக் கோடாலிக்காரர்கள் ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தார்கள். கிளை கழித்து, எரித்து, குழி வெட்டி, கோப்பிக் கன்று வைத்தது தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் ஆட்கள். வீழ்ந்த காட்டை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். வெட்டியவர்களின் கைவன்மையை நினைத்தால் மலைப்பும் அடங்குவதில்லை. கோடாலியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

பிறகு கோப்பி செத்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது வருடத்தில் மலைகளைக் காலி செய்துவிட்டது. நோய் வருவதற்கு இரண்டு வருடம் முந்தியே, 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பட்டுப்போன கோப்பி மரங்களை வெட்டித் தோலுரித்து, இங்கிலாந்தில் தேநீர் மேசைக்குக் கால் செய்யக் கப்பலேற்றினார்களாம்! அதையும் இந்தக் கோடாலிகள்தானே வெட்டியிருக்கும். தேயிலை வந்தபின் வேலை மாறியது. செடி கத்தரிக்கும் கவ்வாத்துக்குக் கத்தி வந்தது. கோடாலிக்கு விறகு மிஞ்சியது. ஃபெக்டரி அடுப்புக்கும் தொழிலாளர் லயத்து அடுப்புக்கும் வெட்டியே அதன் மீதிக்காலம் கழிந்தது.

சரி, வேட்டைக்குப் போவோம். பஸார் பக்கம் பழைய இரும்பு வாங்கும் கடை ஒன்று. தராசுக்குப் பக்கத்தில் சைக்கிள் சட்டகம், பேட்டரி, வளைந்த தகரம், பொத்தல் விழுந்த பானை. கடைக்கார நானா என்னைக் கண்டதும் சிரிப்பார்.

"நானா, கோடாலி ஏதும் வந்திச்சா?"

"ஒண்டு கெடக்கு மகன். தல மட்டும்தான். சாக்குக்கு அடியில பாருங்க. உருக்க அனுப்ப மனசு வரல்ல, எடுத்து வச்சேன்."

மனசு வராத இந்த நானா இல்லாவிட்டால் எத்தனையோ கோடாலி கொழும்பு உலைக்குப் போயிருக்கும்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகளைக் காட்டுகிறேன், கவனியுங்கள். தலையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு இன்னோர் இரும்பால் மெல்லத் தட்ட வேண்டும். மணி போல நீண்டு ஒலித்தால் உள்ளே வெடிப்பு இல்லை. 'டக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது. அடுத்து அரம். வாய்ப்பக்கம் லேசாக இழுத்துப் பார்த்தால், நல்ல எஃகு அரத்தை வழுக்கிவிடும் அல்லது சிரமப்பட்டு இடம் கொடுக்கும். அரம் தடையில்லாமல் இறங்கினால் யாரோ அதை அடுப்பில் போட்டுப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள். பிடியின் முறிந்த கட்டை ஓட்டைக்குள் இறுகிக்கொண்டால் தலையை நெருப்பில் போட்டு எரித்து எடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்! துளை போட்டு, ஒரு இரும்புக் கம்பியை வைத்துத் தட்டினால் கட்டை தானாக வெளியே வரும். கடைசியாக முதுகு. சம்மட்டி மாதிரிப் பாவித்துப் பாவித்து முதுகு விளிம்பு மடங்கிப் பிதுங்கியிருந்தால் அதை அராவி எடுத்தே ஆகவேண்டும். அடிக்கும்போது அந்தச் சில்லு தெறித்துக் கண்ணுக்குள் பாயும்.

சோதனை முடிந்தால் முத்திரை. அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் இடம். டபிள்யூ, எச், எஸ் என்ற மூன்றெழுத்தோ 'பிரேட்ஸ்' என்ற பெயரோ இருந்தால், ஓல்ட்பரியின் வில்லியம் ஹண்ட் அண்ட் சன்ஸ். 'கில்பின்' என்றிருந்தால் கெனொக் பக்கத்து வேலை. அமெரிக்காவில் கோடாலி சேர்ப்பவர்கள் 1826இல் கனெக்டிகட்டில் தொடங்கிய காலின்ஸ் கம்பெனி முத்திரைக்கு உயிரை விடுவார்கள். நம் பக்கம் வெட்னஸ்பரி, ஓல்ட்பரி, கெனொக்தான் கூடுதலாகக் கிடைக்கும். எல்லாம் பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்தது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கோடு சேர்ந்த ஓர் அம்பு இருந்தால் அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கலாம்! அது பிரிட்டிஷ் இராணுவச் சொத்தின் அடையாளம். கீழே பெரும்பாலும் ஆண்டும் குத்தியிருக்கும். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார், தாவரவியல் பூங்காவுக்கே. படை போய்விட்டது. கூடாரத்துக்கு முளை அடித்த கோடாலிகளில் சில மலைகளில் தங்கிவிட்டன என்றே நினைக்கிறேன்.

முத்திரையே இல்லாத தலைகளும் வரும். அவற்றை ஒதுக்காதீர்கள்! இரு கன்னமும் ஒரே தடிப்பில் இராது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு மெல்லிய தையல் கோடு தெரியும். இரும்புப் பட்டையை ஒரு தண்டின்மேல் மடித்து, இரு நுனியையும் உலையில் சேர்த்து அடித்து ஒட்டியதன் தடம் அது. இந்த ஊர்க் கொல்லர் வேலை. இந்தத் தீவின் இரும்பு வேலை லேசுப்பட்டதல்ல. தெற்கே சமனலவெவவில் மலைச்சரிவில் வரிசை வரிசையாக உலைகள் கட்டி, துருத்தியே இல்லாமல் பருவக்காற்றை உள்ளே இழுத்து எஃகு உருக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையான உலைகள். ஜிலியன் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அதேபோல ஓர் உலை கட்டி, காற்றை நம்பி மூட்டி, உயர்தர எஃகு வருவதைக் காட்டினார். 1996இல் அது 'நேச்சர்' இதழில் வந்து உலகமே வியந்தது. அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தி, இலங்கைக் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி கிராமத்து இரும்பு உருக்கலை நேரில் பார்த்து, 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் எழுதிவைத்தார். முத்திரை இல்லாத ஒரு தலையைக் கழுவும்போது எனக்கு அந்த உலைகளின் காற்று கேட்கிறது.

இப்போது கொட்டிலின் உள்மேசை. இதை யாருக்கும் காட்டுவதில்லை, உங்களுக்காக மூடியைத் தூக்குகிறேன். பிளாஸ்டிக் தொட்டி, அதில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், கார் பேட்டரி சார்ஜர். துரு மிகவும் கடினமாக இருந்தால் வினாகிரிக்குப் பதில் இந்த முறை. கோடாலிக்கு எதிர்மின் வயர், பக்கத்தில் தொங்கும் பழைய இரும்புத் தகட்டுக்கு நேர்மின் வயர். ஆளியைப் போட்டதும் தலையைச் சுற்றிக் குமிழ் குமிழாக எழுகிறது பாருங்கள்! குமிழில் இருப்பது ஐதரசன், அதனால் யன்னல் திறந்தே இருக்கவேண்டும், பீடி பற்றவைத்தவருக்கு அனுமதி இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைத் தகடாகத் தொங்கவிடவும் கூடாது, அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் நஞ்சாக இறங்கும். இந்த முறையில் எஃகு கரையாது, துரு மட்டுமே இளகும். வினாகிரியோ எஃகையும் மெல்லத் தின்னும். ஆகவே இரவு போட்டால் காலையில் எடுத்துவிட்டு, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் பூசவேண்டும். நாவலப்பிட்டி மழையில் ஒரு மணிநேரம் எண்ணெய் இல்லாமல் விட்டால் மஞ்சள் துரு மறுபடி பூத்துவிடும். மேலே வட்டவளை நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்று. அந்த ஈரம் நமக்கும் பங்கு தருகிறது.

அடுத்தது நான் காட்டத் துடித்துக்கொண்டிருந்தது. கழுவிய தலையின் வாய்ப்பக்கத்தை உப்புத்தாளால் மினுக்கி, வினாகிரியில் மறுபடி கொஞ்ச நேரம் வைக்கிறேன். எடுத்துப் பாருங்கள். வாயிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே ஒரு வளைகோடு! கோட்டுக்கு முன்னால் கருஞ்சாம்பல், பின்னால் வெளிர். பழைய கோடாலி ஒரே இரும்பல்ல. உடம்பு மெத்தென்ற இரும்பு, அதிர்ச்சி தாங்க. வாய் மட்டும் விலையுயர்ந்த எஃகு, கூர் நிற்க. இரண்டையும் வெள்ளைச் சூட்டில் ஒட்டி அடித்த இடம்தான் அந்தக் கோடு. இந்தக் கோட்டிலிருந்து விளிம்பு வரை எவ்வளவு எஃகு மிச்சம் என்று பார்த்தால் அந்தக் கோடாலியின் மீதி ஆயுள் தெரியும். தீட்டித் தீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்ட தலைகளும் வந்திருக்கின்றன. ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு அதில் தேய்ந்து போயிருக்கும். அவற்றைக் கூராக்காமல் அப்படியே எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டுவேன்.

நிறம் கொடுக்க என்ன பாவிக்கிறேன் தெரியுமா? பிளேன்டீ! சிரிக்காதீர்கள், இதுதான் மலைநாட்டின் பெருமை. மலிவான டஸ்ட் தேயிலையைக் கைநிறைய அள்ளிப்போட்டுக் கறுக்கக் கொதிக்கவைத்து, கொஞ்சம் வினாகிரி விட்டு, சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப்பசை நீக்கிய தலையை அதில் மூழ்கடித்து இரவு விடவேண்டும். தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து கருநீலப் படலமாகப் படியும். பழைய காலத்து எழுதும் மையிலும் இதே இரசாயனம்தான். காலையில் எடுத்தால் மழைமேக நிறம். பளபளப்பாக மினுக்கி வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எழுத்துப் பள்ளங்களும் சம்மட்டித் தழும்புகளும் அந்தக் கருமையில்தான் எழுந்து நிற்கும். எந்தத் தேயிலையின் அடுப்புக்கு விறகு வெட்டியதோ அதே தேயிலையிலேயே கோடாலி குளிக்கிறது!

கூர் போடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரச் சாணையை மறந்துவிடுங்கள். விளிம்பு சூடேறி வைக்கோல் மஞ்சள், ஊதா என்று மாறி, சுமார் 300 பாகையில் நீலத்தைத் தொட்டால் பதம் போய்விட்டது, அவ்வளவு தூரம் அராவி எறியவேண்டியதுதான். கை அரம், பிறகு தண்ணீர் விட்ட சாணைக்கல். கன்னம் தட்டையாக இல்லாமல் லேசாகப் புடைத்திருந்தால் கட்டைக்குள் சிக்காது.

பிடிதான் பெரிய கலை. இங்கிலாந்தில் ஆஷ், அமெரிக்காவில் ஹிக்கரி. நமக்கு ஹல்மில்லை இருக்கிறது. வண்டிச் சட்டத்துக்கும் படகுக்கும் பேர்போன மரம், திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரிலேயே வெளிநாடுகளில் அறியப்பட்டது, வளைந்தாலும் முறியாது. சிறு கைக்கோடாலிக்குக் கொய்யாக் கிளை போதும். மரத்தின் நுனியைப் பார்த்தால் வளையக் கோடுகள் தெரியும். அவை கோடாலி வாயின் திசையிலேயே ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். செதுக்கி ஓட்டைக்குள் நுழைத்தாயிற்று. இனிப் பாருங்கள், என் கொட்டிலின் ஆகச்சிறந்த வித்தை. தலை கீழே தொங்கும்படி பிடியைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறேன். தலைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இப்போது பிடியின் மேல்நுனியில் மரச் சுத்தியலால் அடிக்கிறேன். கீழே விழவேண்டிய தலை அடிக்கு அடி மேலே ஏறுகிறது! பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாம் கத்துவார்கள். கனமான இரும்பு தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, அடிபட்ட மரம் அதற்குள் இறங்குகிறது, அவ்வளவுதான் சங்கதி. இறுகியதும் நுனி வெட்டில் காய்ந்த மர ஆப்பு. ஆடும் கோடாலியை வாளித் தண்ணீரில் ஊறவைப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஊறிய மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துவிடும். தண்ணீருக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

இதையெல்லாம் முறையாகப் பார்க்க ஆசையா? ஹந்தானையில் 1925இல் கட்டிய ஃபெக்டரிக்குள் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கடுகண்ணாவையில் ரயில் அருங்காட்சியகம், 2014 டிசம்பரில் ரயில் சேவையின் 150ஆம் ஆண்டுக்குத் திறந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது கம்பளைக்கு அப்பால் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பிராக்களுக்குள் அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கியது. துரையின் இயந்திரங்களைக் காட்டும் இடங்கள் பல. வேலை செய்தவரின் வீட்டுச் சாமானை, வேலைச் சாமானை, அவர் வாழ்ந்த அறையிலேயே வைத்துக் காட்டுவது அது.

அங்கே போய்வந்தபின் என் கொட்டிலில் ஒரு புதுப்பழக்கம். ஒவ்வொரு கோடாலியிலும் ஓர் அட்டை கட்டுகிறேன். எல்வெல் பெயர் எஃகில் குத்தியிருக்கிறது, இன்னும் இருநூறு வருடம் நிற்கும். அதைப் பிடித்து வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. சாக்கில் வரும் தலைகளுக்கு ஒன்றும் செய்யமுடியாது. வீட்டிலிருந்து வரும் கோடாலிகளுக்கு, கொண்டுவருபவரிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் கை.

அண்மையில் தொலஸ்பாகைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேரன் கொண்டுவந்து தந்த, தன் வீட்டுக்காரரின் கோடாலியைப் பார்க்க. புதுப் பிடி, தேயிலைக் கருமை, கூர் எல்லாம் முடித்துப் பெருமையாக நீட்டினேன். வாங்கி, இரண்டு தரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"பிடி தடிச்சிருச்சு சாமி. அவருக்குச் சின்னக் கை."

கண்ணாடிச் சில்லை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். சுரண்டினேன். "இந்தப் பக்கம் மட்டும்." சுரண்டினேன். அவருக்குத் தெரிந்த அளவு எந்த அளவுகோலிலும் இல்லை. கடைசியில் விரல்கள் சுற்றிப் பொருந்தின.

"இப்ப சரி. எங்க, ஒரு கட்டையப் பொளந்து காட்டு, பாப்போம்!"

முற்றத்தில் டர்பன்டைன் மரக்கட்டை ஒன்று கிடந்தது. நிமிர்த்தி வைத்து ஓங்கினேன். ஒரே போடு, இரண்டு பக்கமும் பாய்ந்தது. பாட்டி கைகொட்டிச் சிரித்தார். உள்ளே ஓடிப்போய் அட்டையை எடுத்து, எல்வெல் என்ற வரிக்கு மேலே இடம் விட்டு வைத்திருந்த கோட்டில் அவர் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு எழுதினேன். எழுதும்போதே பின்னால் சத்தம். பாட்டியே இரண்டாவது கட்டையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.